இரண்டு மழை பெய்யும் ஊரில் வீட்டுத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் 18 சென்ட் புரையிடத்தில் (வீட்டைச் சுற்றிய நிலம்) பல வருடமாகச் செடி வளர்க்கிறேன். தென்னை, வாழை, பலா, நல்லமிளகு, வாசலில் தெற்றியும் (இட்லிப்பூ) செம்பருத்தியும், கிணற்றடியில் சேம்பு. பக்கத்து வீட்டுக்காரர்களும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். வெளியூர்க் காலண்டரை அப்படியே நம் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டால் செடி பிழைக்காது என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால்தான் எழுதத் தோன்றியது.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்கிறார்கள். நம் மாவட்டத்துக்கு அது பொருந்துமா?

உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்கு மழை வரும். இடவ மாதத்தின் பாதியில் வருவதால் பெரியவர்கள் அதை இடவப்பாதி என்பார்கள். அக்டோபர் நடுவில் வடகிழக்கு மழை தொடங்கி டிசம்பர் வரை போகும். இரண்டுக்கும் நடுவே ஆகஸ்ட் பாதியிலிருந்து செப்டம்பர் முடிய ஒரு இடைவெளி கிடைக்கும். வயலில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் வைத்தது இந்த இரண்டு மழையை நம்பித்தான்.

ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே மாதிரி பெய்வதில்லை. மேற்கே விளவங்கோடு, திருவட்டாறு, கல்குளம் பக்கம் ஆடியில் மழை கொட்டும். விதை போட்டால் அழுகும். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் தென்மேற்கு மழை குறைவு, காற்றுதான் அதிகம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மே கடைசி முதல் செப்டம்பர் வரை அடிக்கும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஆக, அதே ஆடி மாதத்தில் மேற்கே குலசேகரத்துக்காரர் வடிகால் வெட்ட வேண்டும், கிழக்கே செண்பகராமன்புதூர்க்காரர் செடிக்குத் தண்ணீரும் காற்றுத் தடுப்பும் கொடுக்க வேண்டும்.

முதல் வேலையாக ஒரு நோட்டு வாங்கி உங்கள் வீட்டில் எந்தத் தேதியில் மழை பெய்தது, எங்கே தண்ணீர் தேங்கியது என்று ஒரு வருடம் எழுதுங்கள். எந்தப் புத்தகத்தை விடவும் அது உங்களுக்கு உதவும்.

இடவப்பாதிக்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?

தண்ணீர் போக வழி. மே மாதக் கோடை மழை ஒன்று பெய்ததும் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கே தேங்குகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அங்கே ஒரு சாண் ஆழத்துக்கு ஓடை இழுத்துவிடுங்கள். வாழை, பப்பாளி, முருங்கை, நல்லமிளகு இந்த நான்குக்கும் வேரில் தண்ணீர் நின்றால் ஆகாது. கோடையில் தண்ணீர் நிற்கச் செடியைச் சுற்றி வெட்டிய பாத்தியை மழைக்கு முன் உடைத்துவிட்டு, தூரில் மண் அணைத்து மேடாக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுத்தான் ஒரே வருடத்தில் 3 பப்பாளியை இழந்தேன். காய் பிடித்திருந்த மரங்கள், ஒரு வாரத்தில் தூர் அழுகிச் சாய்ந்தன. இன்றும் அது மனசில் நிற்கிறது.

அடுத்தது மரக்கிளை. கூரை மேலும் மின்கம்பி பக்கமும் சாய்ந்த கிளைகளை மே மாதத்துக்குள் கழிக்க வேண்டும். வீட்டுப் பக்கம் இருப்பதை மட்டும் வெட்டிவிட்டு மறுபக்கம் கனமாக விடுவது ஆபத்து. மரம் ஒரு பக்கமாகப் பாரம் ஏறி, ஈரமண்ணில் வேரோடு சாயும். நடுவில் அடர்ந்திருக்கும் கிளைகளையும் குறைத்துக் காற்று ஊடுருவிப் போக வழி செய்யுங்கள். மின்கம்பியை ஒட்டிய கிளையை நீங்களே தொடாதீர்கள். மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

பூச்சட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டுகளையும் எடுத்துவிடுங்கள். சிரட்டை, தட்டு, பழைய டயர் எல்லாவற்றிலும் டெங்கு கொசு முட்டை வைக்கும்.

நல்லமிளகுக் கொடி மழைக்காலத்தில் திடீரென்று வாடிக் கருகுகிறது. எப்படிக் காப்பாற்றுவது?

வாடிய பிறகு காப்பாற்றுவது கடினம். மண்ணில் இருக்கும் பூஞ்சை, மழைத்துளி தெறிக்கும்போது கீழ் இலைகளில் ஏறி, பிறகு தூரைப் பிடிக்கும். அதனால் தரையில் படரும் கொடிகளை மழைக்கு முன்பே எடுத்துக் கட்டி, தூரைச் சுற்றிச் சருகு போட்டு, முதல் மழையோடு ஒரு தடவையும் ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவையும் ஒரு சதவீத போர்டோ கலவை தெளிக்க வேண்டும்.

வீட்டு அளவுக்கு 10 லிட்டர் போதும். 5 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), இன்னொரு 5 லிட்டரில் 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. இரண்டும் பிளாஸ்டிக் வாளியில். இரும்புப் பாத்திரம் ஆகாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. ஒரு இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றே தெளித்து முடித்துவிடுங்கள். கைக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு முக்கியம்.

தென்னைக்கு எப்போது, எவ்வளவு உரம்?

ஐந்து வயதுக்கு மேற்பட்ட நெட்டைத் தென்னைக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழுவுரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. இதை இரண்டாகப் பிரித்து ஜூன்–ஜூலையில் பாதி, டிசம்பர்–ஜனவரியில் பாதி. மேற்குப் பக்கத்தில் கனமழை கொட்டிக்கொண்டிருக்கும் வாரத்தில் போட்டால் உரம் ஓடையோடு போய்விடும். மழை வெறித்து மண் ஈரமாக இருக்கும் நாளுக்காகக் காத்திருங்கள். மரத்தடியில் கொட்டுவதிலும் பயனில்லை. உரத்தை உறிஞ்சும் வேர் சுற்றிப் பரவியிருக்கிறது. தூரிலிருந்து ஆறடி வரை வட்டமாகத் தடம் எடுத்துப் போட்டு மண் மூடுங்கள்.

தேங்காய் உரித்த கதம்பையை எரிக்காதீர்கள். தடத்தில் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மண் மூடினால் கோடையில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். செம்பாறை மண்ணில் புதுத் தென்னை நடுகிறவர்கள் குழியில் 2 கிலோ கல்லுப்பு போடுவதைப் பார்த்து இளையவர்கள் வியக்கிறார்கள். இறுகிய பாறைமண்ணை இளக்கத்தான் அந்த உப்பு, பழைய முறை மட்டுமல்ல, ஆராய்ச்சி நிலையங்களும் ஒத்துக்கொண்டது. குழியெடுத்துச் சில மாதம் முன்பே போட்டு மழையில் ஊறவிட வேண்டும். நடும் அன்று போட்டால் கன்றுக்குக் கேடு.

தென்னை ஓலையிலும் கீழே இருக்கும் செடிகளிலும் கரி பூசினதுபோல் கறுப்பு. என்ன நோய்?

அந்தக் கறுப்பு நோய் அல்ல. ஓலையின் அடிப்பக்கம் பாருங்கள், வெள்ளையாகச் சுருள் சுருளாக இருக்கும். அது சுருள் வெள்ளை ஈ. 2016 வாக்கில்தான் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வந்தது. அது கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழே விழுந்து, அதன் மேல் கரும்பூசணம் வளர்கிறது. வாழை, கொய்யா, செம்பருத்தி எதையும் விடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கடுமையான பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைத்துக் கொல்லும் என்கார்சியா என்ற சிறு குளவி இயற்கையாகவே நம் தோப்புகளில் இருக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். எட்டும் உயரத்துக் கன்றுகளில் ஓலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். கறுப்பு உதிர, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிய பசையைத் தெளித்தால் காய்ந்து பொருக்காகக் கழன்றுவிடும். கோடையில் பெருகும், நல்ல மழை பெய்தால் தானாகவே குறையும்.

குருத்தோலை விசிறிபோல் வெட்டுப்பட்டு வருகிறதே?

காண்டாமிருக வண்டு. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் அளவில் உள்குருத்தை ஒட்டிய மூன்று ஓலைக் கவட்டைகளில் போடுங்கள். வண்டு பெருகுவது உங்கள் சாணக்குழியிலும் மட்கும் தென்னைத் தடியிலும்தான். குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுவது நல்ல வழி.

காய்கறி விதைக்க எந்த மாதம் நல்லது?

மேற்குப் பக்கத்தில் ஆவணியில் விதைத்தால் வெண்டை, பயறு, சீனியவரை நன்றாக வரும். ஐப்பசி அடைமழைக்கு முன் காய்க்கத் தொடங்கிவிடும். வழுதலங்காய் (கத்தரி), மிளகாய் நாற்றைக் கூரைக்கடியில் வளர்த்து, மழை சற்று ஓய்ந்ததும் நடுங்கள். என் அனுபவத்தில் நம் மாவட்டத்துக்கே சிறந்த காலம் மார்கழி–தை. மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் நன்றாக அடிக்கும், பூஞ்சைத் தொல்லை குறைவு. தடியங்காய் (வெள்ளைப் பூசணி), வெள்ளரி, பாகல், புடல், கீரை எல்லாம் அப்போது போடலாம். கொடிக்காய்களில் பழ ஈ குத்தும். நன்கு பழுத்த பாளையங்கோட்டான் பழத்தையும் வெல்லத்தையும் கரைத்து, ஓட்டை போட்ட புட்டியில் ஊற்றித் தொங்கவிட்டால் கொஞ்சம் மட்டுப்படும். குத்துப்பட்ட காயைச் செடியடியில் போடாமல் தண்ணீரில் முக்கி வைத்து அழியுங்கள், உள்ளே புழு இருக்கும்.

கிழங்குகளுக்கு வேறு கணக்கு. சேனையை மாசியில் நட்டால் குடம் அளவு பருக்கும், பங்குனியில் நட்டால் மீன்கண் அளவுதான் என்று மேற்கே மலையாளம் பேசும் வீடுகளில் பழமொழி உண்டு. மரச்சீனி (மரவள்ளி) கம்பைச் சித்திரைக் கோடை மழையோடு வைக்கலாம். தண்ணீர் தேங்காத மேடு இருந்தால் போதும்.

மழை தொடங்கினால் பெரிய நத்தைகள் எல்லாச் செடியையும் தின்கின்றன. உப்பு போடலாமா?

ஆப்பிரிக்க நத்தை. செடி மேலேயோ மண்ணிலோ உப்பைத் தூவாதீர்கள், மண் கெட்டுவிடும். சாயங்காலம் ஈரச்சாக்கை விரித்து, அடியில் பப்பாளி இலையும் முட்டைக்கோஸ் இலையும் வையுங்கள். காலையில் அங்கே ஒன்றுசேர்ந்திருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, ஒரு வாளி கடும் உப்புத்தண்ணீரில் போட்டு, பிறகு ஆழமாகப் புதையுங்கள். வெறுங்கையால் தொடக் கூடாது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒருவகைப் புழு இந்த நத்தையில் இருக்கலாம். குழந்தைகளிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தோட்டத்துக் கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்தே சாப்பிடுங்கள். கடையில் விற்கும் நத்தைமருந்து நாய்க்கு நஞ்சு, அதை நான் வீட்டில் வைப்பதில்லை.

அப்புறம், யாரிடமாவது செடி வாங்கி வந்தால் சட்டி மண்ணைத் தட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டுக்கு நத்தை வந்ததே ஒரு நர்சரியிலிருந்து வாங்கின குரோட்டன்ஸ் சட்டி வழியாகத்தான்.

குலை தள்ளின வாழை ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் ஒடிந்துவிடுகிறது.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் வந்த தினத்தை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. வாழையும் ரப்பரும் தென்னையும் தோப்பு தோப்பாக விழுந்தன, கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்த மாதிரிப் புயலுக்கு முட்டுக்கம்பு தாங்காது. ஆனால் சாதாரணக் காற்றுக்குத் தாங்கும். குலை தள்ளினதும் இரண்டு கம்பைக் கத்தரிபோல் கட்டி, சாயும் பக்கத்திலிருந்து முட்டுக் கொடுங்கள். செந்துளுவன், ஏத்தன் போன்ற கனத்த குலைக்கு அது அவசியம்.

தொங்கும் காய்ந்த இலைகளை வெட்டினால் காற்றுப் பிடிப்பும் குறையும், தண்டுக் கூன்வண்டு ஒளிய இடமும் இருக்காது. வண்டு துளைத்த தண்டுதான் முதலில் ஒடியும். குலை வெட்டின பிறகு தண்டை நிற்கவிடாமல் தூரோடு தோண்டி நறுக்கிப் போடுங்கள். வீட்டில் நான்கு வாழைக்குத்தான் இடம் என்றால் ஒன்று மட்டியாக இருக்கட்டும். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் ஊர்ப் பழம். பிள்ளைக்கு முதன்முதலில் கொடுக்கிற பழமாகப் பல வீடுகளில் இன்னும் அதுதான்.

பிச்சி, மல்லி, ரோஜாவை எப்போது கவாத்து செய்வது?

மூன்றையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். மல்லியை நவம்பர் கடைசியில், பிச்சியை டிசம்பர் கடைசியில் வெட்டுவார்கள். முல்லை இருந்தால் ஜனவரி கடைசி. தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, காய்ந்த குச்சிகளை எடுத்து, தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விடுங்கள். தோவாளைச் சந்தைக்குப் பூ அனுப்பும் தோட்டங்களில் இந்தக் கணக்கைத் தவறவிட மாட்டார்கள். ஆனால் மழை விடாமல் பெய்யும் வருடத்தில் தேதியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். இரண்டு நாள் வெயில் கண்டதும் வெட்டுங்கள். ஈரத்தில் வெட்டிய குச்சி நுனியிலிருந்து கருகி இறங்கும். ரோஜாவில் இது இன்னும் அதிகம். வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்.

புது வீட்டு வாசலில் வைத்த தெற்றி மஞ்சளாகிறது. உரம் போட்டும் பச்சை திரும்பவில்லை.

உரப் பற்றாக்குறை இல்லை. தெற்றிக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். வீடு கட்டும்போது கொட்டின சிமென்ட், சுண்ணாம்பு, செங்கல் தூள் எல்லாம் சுவரோரம் கிடக்கும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இதுதான் காரணம். ஓரடி ஆழத்துக்குத் தோண்டி அந்த மண்ணை மாற்றி, செம்மண்ணும் மட்கிய சருகும் நிரப்புங்கள். சாம்பல் போடாதீர்கள்.

கடலோர வீடு. உப்புக்காற்றுக்கு என்ன செடி நிற்கும்?

முட்டம், குளச்சல், மணவாளக்குறிச்சி பக்கம் போய், கவனிப்பே இல்லாமல் நிற்பவற்றைப் பாருங்கள். பூவரசு, புன்னை, தாழை, அரளி, நித்தியகல்யாணி, போகன்வில்லா. பழத்துக்குச் சப்போட்டா நன்றாக நிற்கும். கடல் பக்கம் பூவரசும் புன்னையும் வேலியாக வளர்ந்தபின், அதன் மறைவில் மற்றச் செடிகளை வையுங்கள். பலத்த காற்றடித்த மறுநாள் காலை, இலைகளை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். இலை ஓரம் கருகுவது குறையும். சித்திரையில் கிணற்றுத்தண்ணீர் கரிக்கிறது என்றால் சட்டிச் செடிகளுக்கு அதை ஊற்றாதீர்கள்.

போகன்வில்லா இலையாகவே வளர்கிறது, பூக்கவில்லை.

தண்ணீரைக் குறையுங்கள். தை முதல் மண் நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். முழு வெயில் வேண்டும். பூத்து முடிந்ததும் நுனியை வெட்டுங்கள், புதுக் கிளையில்தான் அடுத்த பூ.

மாசி முதல் சித்திரை வரை செடியை எப்படித் தாங்க வைப்பது?

சருகுதான். காலையில் முற்றம் பெருக்கித் தீ வைக்கும் வழக்கத்தை விட வேண்டும் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பலா இலை, மா இலை, அயினி இலை எல்லாவற்றையும் செடியைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி. தூரை ஒட்டிப் போட்டால் கறையான் ஏறும். தினமும் கொஞ்சம் தெளிப்பதை விட, மூன்று நாளைக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றுவது வேரைக் கீழே இறக்கும். சட்டிகளுக்கு மட்டும் தினமும் வேண்டும். மொட்டைமாடியில் இருப்பவற்றை மதிய வெயில் படாத சுவரோரம் நகர்த்துங்கள்.

நல்ல கன்று எங்கே கிடைக்கும்?

கன்னியாகுமரியிலும் பேச்சிப்பாறையிலும் அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகள் இருக்கின்றன. சந்தேகம் கேட்கப் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகமும் உண்டு. பாதித்த இலையைப் பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் சொன்னால் பாதிதான் புரியும்.

நாங்கள் வளைகுடாவில் இருக்கிறோம். வருடத்தில் ஒரு மாதம்தான் ஊருக்கு வருவோம். பூட்டிக் கிடக்கும் வீட்டில் என்ன வைக்கலாம்?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, ஒவ்வொரு தடவையும் மனசு கனக்கும். பூச்சட்டிகள் வேண்டாம், புல்தரை வேண்டாம். ஆகஸ்டில் வருவதாக இருந்தால் அந்த இடைவெளி நடுவதற்கு ஏற்றது. பின்னால் ஐப்பசி மழை இருக்கிறது, வேர் பிடித்துவிடும். பலா, மா, நெல்லி, சப்போட்டா, கறிவேப்பிலை வைக்கலாம். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். டிசம்பரில் வருகிறீர்கள் என்றால் நடாதீர்கள். கவாத்து, தென்னைக்கு உரம், சருகு மூடாக்கு இவற்றை முடித்துவிட்டுப் போங்கள். மே மாதத்தில் ஆள் விட்டு ஓடையும் கிளையும் சரிசெய்யச் சொல்லுங்கள்.

முக்கியமாக, கேட் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். பழுத்த சக்கையை (பலாப்பழம்) அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கள் தெருவில் அப்படிச் சாவி கொடுத்துப் போன வீட்டில், 4 வருடமாக ஆள் இல்லாமலும் கிணற்றடிக் கறிவேப்பிலை கூரை உயரம் நிற்கிறது.